கானும் மதகும் இல்லாத வரைபடம்

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா புயல் இத்தீவின்மேல் வந்து கவிந்து, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைகளைச் சரித்து, களனி கங்கையைக் கொழும்பின் புறநகர் வீடுகளுக்குள் ஏற்றி, 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன நாள் தொட்டு, வெள்ளத்தை முன்கூட்டியே கணித்துச் சொல்லும் கணினி மாதிரிகளைப் பற்றிய பேச்சு நம் நாட்டில் பல இடங்களிலும் கேட்கிறது. நல்ல பேச்சுத்தான், வரவேற்கவேண்டிய பேச்சுத்தான். ஆயினும் அந்தப் பேச்சில் மழைக்கும் மேகத்துக்கும் செயற்கைக்கோளுக்கும் கிடைக்கின்ற ஸ்தானத்தில் நூற்றில் ஒரு பங்குகூட, அந்த மழை வந்து விழுகின்ற நிலத்துக்குக் கிடைக்கவில்லை என்பது என் மனத்தை உறுத்துகிறது. எவ்வளவு மழை பெய்யும் என்று மிகத் துல்லியமாகச் சொல்லிவிட்டாலும், பெய்த நீர் எந்தச் சரிவில் இறங்கி, எந்தக் கானில், அதாவது மலைச்சரிவில் வெட்டிய வடிகாலில், விழுந்து, எந்த மதகில் முட்டி, யாருடைய வாசலுக்குத் திரும்பும் என்பதைச் சொல்லாதவரை, அந்த முன்னறிவிப்பினால் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையில் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில் குடியிருக்கும் தொழிலாளர் குடும்பத்துக்கு என்ன பிரயோஜனம்?

கணினி அறிந்தது எண்களை மாத்திரமே. பூமியைச் சதுரங்கப் பலகைபோலச் சிறு சிறு கட்டங்களாக வகுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் 'கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர்' என்று ஓர் எண்ணை எழுதி, அந்த எண்களின்மேல் மழையைப் பொழியவிட்டு, உயர்ந்த எண்ணிலிருந்து தாழ்ந்த எண்ணுக்கு நீர் ஓடும் வேகத்தையும் ஆழத்தையும் கணக்கிடுவதே வெள்ள மாதிரி என்பதன் சாரம். ஆகவே அந்த எண்களே மாதிரிக்கு அஸ்திவாரம். அவை பிசகினால், மேலே எத்தனை உயர்ந்த கணிதத்தை அடுக்கினாலும் நீர் தவறான வழியிலேயே ஓடும். அது திரையில் வண்ணப்படமாக மிக அழகாக ஓடும் என்பதுதான் இதில் உள்ள அபாயம், ஏனெனில் அழகாக இருப்பதை ஜனங்களும் உத்தியோகஸ்தர்களும் சீக்கிரம் நம்பிவிடுகிறார்கள்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 2000ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் என்டவர் என்னும் அமெரிக்க விண்ணோடம், 60 மீட்டர் நீளமான ஒரு கரத்தை வான்வெளியில் நீட்டி, அதன் நுனியில் ஒன்றும் தன் உடலில் ஒன்றுமாக ராடார் ஏற்பிகளை வைத்து, வடக்கே 60 பாகை தொடங்கித் தெற்கே 56 பாகை வரையில் உள்ள நிலப்பரப்பை 11 நாட்களில் அளந்து முடித்தது. மனித சரித்திரத்தில் அதற்குமுன் நடவாத காரியம் அது. அதன் பலன் உலகத்தார் யாவருக்கும் இலவசமாகக் கிடைத்தது. இன்றைக்கும் ஏழை நாடுகளில் வெள்ளக் கணிப்புச் செய்யும் மாணவன் முதலில் கைவைப்பது பெரும்பாலும் அந்தத் தரவில்தான். ஆனால் நெடுங்காலம் நமக்குக் கிடைத்த அதன் கட்டம், பக்கத்துக்கு 90 மீட்டர். நம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 2 ஏக்கர் நிலத்துக்கு ஒரே ஓர் எண். பிற்பாடு அது 30 மீட்டராகச் சிறுத்தது. 30 மீட்டர்க் கட்டம் என்றால் ஏறக்குறைய 35 பேர்ச். எங்கள் தோட்டங்களில் ஒரு குடும்பம் வீடு கட்டிக்கொள்ள ஒதுக்கப்பட்டு வந்த காணி 7 பேர்ச் என்பதை நினைத்துப் பாருங்கள். ஐந்து குடும்பங்களின் வீடும் முற்றமும் வாழைமரமும் கோழிக்கூடும் எல்லாம் சேர்ந்து ஓர் எண்ணாகக் குறுகிவிடுகின்றன. அனுராதபுரத்துச் சமவெளியில் அந்த ஓர் எண் போதுமானதாக இருக்கலாம். 30 பாகை சரிந்து நிற்கும் ஊவா மலையிலோ, அதே கட்டத்தின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் இடையே 17 மீட்டருக்குச் சற்று மேல், அதாவது ஏறக்குறைய 57 அடி, வித்தியாசம் இருக்கிறது. மேட்டு லயமும் பணிய லயமும் ஒரே உயரம் என்று சாதிக்கிற கணக்கை எந்தப் பிள்ளையாவது ஒப்புக்கொள்ளுமா?

அதோடும் முடியவில்லை. அந்த ராடார் அலையின் நீளம் 5.6 சென்டிமீட்டர், அது அடர்ந்த மரக்கூட்டத்தை ஊடுருவித் தரையைத் தொடாமல், இலையிலும் கிளையிலும் பட்டே பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. தோட்டங்களில் விறகுக்கென்று வளர்க்கப்படும் யூகலிப்டஸ் தோப்பு இதனால் வரைபடத்தில் ஒரு குன்றாக எழுந்து நிற்கும். தோப்பை வெட்டி எடுத்த இடம் பள்ளமாகத் தோன்றும். நிஜத்தில் ஒரே சீராக இறங்கும் சரிவில், இல்லாத குன்றைச் சுற்றிக்கொண்டு இல்லாத ஓடை ஒன்று கணினியில் ஓடத் தொடங்கும். இந்தக் குறையை நீக்கப் பல அறிஞர்கள் உழைத்திருக்கிறார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்ட உலக உயரப்படத்தில் மரங்களையும் கட்டிடங்களையும் கணக்கால் கழித்திருக்கிறார்கள். போற்றத்தக்க முயற்சி அது. ஆனாலும் உலகம் முழுவதற்கும் ஒரே சூத்திரத்தால் கழிக்கப்பட்ட மரம், நம் மலையில் நிற்கும் இந்த மரந்தானா என்பதை நாமே பார்த்துக்கொள்ளவேண்டும்.

இதைவிடச் சிறந்த வழி லைடார். விமானத்திலிருந்தோ டிரோனிலிருந்தோ விநாடிக்கு லட்சக்கணக்கான ஒளித்துடிப்புகளைக் கீழே செலுத்தி, அவை பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு உயரத்தை அளக்கும் முறை இது. இலைகளின் இடைவெளியில் நுழைந்து சில துடிப்புகள் தரையையும் தொட்டுத் திரும்புவதால், கூரை எது, மரம் எது, மண் எது என்று பிரித்தெடுக்க இயலும். அந்தப் பிரித்தெடுப்பே தரவைத் தயாரிக்கும் வேலையில் பாதி என்று சொல்லலாம். இங்கேயும் தேயிலை மலைக்கென்று ஒரு விசேஷச் சிக்கல் உண்டு. நன்றாக மூடி வளர்ந்த கொழுந்து மலையில் செடிகளின் மேற்பரப்பு மேசைபோல ஒரே மட்டமாக நிற்கிறது. இடுப்பளவு உயரத்தில் நிற்கும் அந்தப் பச்சை மேசையையே தரை என்று கணினி தீர்மானித்துவிட இடமுண்டு. அப்படித் தீர்மானித்தால் செடிகளுக்கு அடியில் ஓடும் கான்கள் அத்தனையும் வரைபடத்திலிருந்து மறைந்துபோகும். கவாத்து வெட்டிய மலையிலோ மண் நன்றாகத் தெரியும். ஆகவே எந்த மலையில் எப்போது கவாத்து என்று கணக்கப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விமானத்தை அனுப்புவது, பிறகு கணினி முன்னால் மாதக்கணக்கில் சிரமப்படுவதைக் காட்டிலும் மேலானது என்பது என் அபிப்பிராயம்.

அளந்து முடித்த தரவை அப்படியே மாதிரிக்குள் போட்டுவிடவும் கூடாது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில், பதுளை ரயில் பாதையில், 1921இல் கட்டிமுடித்த ஒன்பது வளைவுப் பாலத்தை அறியாதவர் இல்லை. வெளிநாட்டுப் பிரயாணிகள் அதைப் படம்பிடிக்க வரிசையில் நிற்கிறார்கள். ஏறத்தாழ 300 அடி நீளத்தில் ஒரு பள்ளத்தாக்கைக் கடந்து நிற்கும் அந்தப் பாலத்தை, மேலிருந்து மாத்திரம் பார்க்கிற கருவி எப்படிப் பார்க்கும்? வளைவுகளுக்குக் கீழே நீரும் மனிதரும் போய்வரும் வெற்றிடம் அதன் கண்ணுக்குப் புலப்படாது. பாலத்தின் முதுகை மட்டுமே கண்டு, பள்ளத்தாக்கின் குறுக்கே ஒன்பது மாடி மதிலாக ஓர் அணையைக் கணினியில் எழுப்பிவிடும். மழையைப் பொழியவிட்டால் அந்த அணைக்குப் பின்னால் ஓர் ஏரி பெருகி, தேயிலைச் செடிகளையும் ரயில்பாதையையும் மூழ்கடித்துவிட்டுத்தான் கீழே இறங்கும். கீழேயுள்ள குடிகளுக்கு வெள்ளம் இல்லை என்று மாதிரி சொல்லும். நிஜத்தில் வெள்ளம் அவர்கள் கட்டிலுக்கடியில் நிற்கும். ஆகவே பாலங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வெட்டி எடுத்து, அடியில் ஓடும் நீரின் மட்டத்தை அங்கே எழுதவேண்டும். ஒன்பது வளைவுப் பாலம் பெரிது; யாரும் தவறவிடமாட்டார்கள். பெரகலையிலிருந்து கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும் ஒரு பாதையில் மட்டும் எத்தனை சிறு பாலங்களும் மதகுகளும் இருக்கின்றன! அவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் அந்த இடத்தில் பாதையே அணையாகிவிடும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தரவில் அளவைப் பிழையால் ஆங்காங்கே சிறு குழிகள் தோன்றும்; நீர் அவற்றுள் விழுந்து வெளியேற வழியின்றி நின்றுவிடும். எனவே குழிகளையெல்லாம் நிரப்பிவிடும்படி கணினிக்குக் கட்டளையிடுவது வழக்கம். கட்டளையிட்டவுடன் அது பொய்க்குழியோடு மெய்க்குழியையும் சேர்த்து நிரப்பிவிடுகிறது. தோட்டத்துக் குளம், கைவிட்ட கல்லுடைப்புப் பள்ளம், பாதையோரத்தில் மழைக்காலத்தில் நீர் தேங்கும் தாழ்வு ஆகியவை நீரைச் சற்று நேரம் தாங்கிக் கொடுத்து, கீழே உள்ளவர்களுக்கு மூச்சுவிட அவகாசம் தருபவை. அவற்றை நிரப்பிவிட்டு நகரத்தின் வெள்ளத்தைக் கணிப்பது நியாயமாகாது. எந்தக் குழி மெய், எந்தக் குழி பொய் என்பதை நேரில் போய்ப் பார்த்தவரே சொல்லமுடியும்.

நேரில் பார்ப்பது என்றால் என்ன என்பதை எனக்குக் கற்பித்தவர், கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுக் காலம் கான் வெட்டிப் பென்ஷனில்லாமல் ஓய்ந்த ஒரு முதியவர். ஐப்பசி மழைக்குச் சற்றுமுன், ஒரு காலையில், அவரோடு பாதையோரமாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு வளைவில், பாதைக்கு அடியில் போகும் மதகு ஒன்றைக் காட்டினார். ஒன்றரை அடி விட்டமுள்ள சிமெந்துக் குழாய். அதன் வாயில் பாதியைக் கல்லும் செம்மண்ணும் கவாத்துக் குச்சியும் ஒரு கிழிந்த உரச்சாக்கும் அடைத்திருந்தன. குழாயின் வாய் காய்ந்து கிடந்தது. உள்ளே ஒரு தவளைகூட இல்லை. "மாஸ்டர், தண்ணி இந்தப் போக்குல வாறதே இல்ல" என்றார் அவர். "மேமலையில கான் மூடிப் பத்துப் பன்னெண்டு வருசமாச்சு. வெட்டுறதுக்கு ஆளும் இல்ல, பேரும் போடுறதில்ல. இப்ப தண்ணியெல்லாம் அந்தா தெரியுதே, அந்த லயத்துக் கோடிப்பக்கமாத்தான் எறங்குது. மழ பெருசா வந்தா, மொதல்ல அந்தக் கோடி வீட்டு அடுப்படிதான்."

அவர் சுட்டிய திசையில் இருபது காம்பிராக்கள் கொண்ட ஒரு லயமும், அதன் கோடியில் தகரக் கூரையின்மேல் கல் வைத்த ஒரு வீடும், வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணும் தெரிந்தார்கள். அந்த முதியவர் இரண்டு நிமிஷத்தில் சொன்ன விஷயம் விண்ணோடத்தின் தரவில் இல்லை. ஒரு மீட்டர் நுட்பமுள்ள லைடார்த் தரவிலும் இராது. குழாய் பாதைக்கு அடியில் இருக்கிறது. ஒளி அங்கே போகாது. போனாலும், குழாயின் வாய் அடைபட்டிருப்பதையும், அதற்கு நீர் கொண்டுவரவேண்டிய கான் மேலே தூர்ந்துபோனதையும் எந்த வானூர்தியும் அறியாது.

கான் என்பது அலட்சியமாகக் கருதத்தக்க சங்கதியன்று. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் மலைச்சரிவில் கான்களையும் பாதைகளையும் மட்டம் பிடித்து வெட்டுவதற்கென்றே ஒரு கருவி இருந்தது. பித்தளைக் குழலும் நகரும் எடையும் கொண்டு, கண்ணாடிவில்லை எதுவுமின்றி, சரிவை அளக்கும் அந்த எளிய யந்திரத்துக்கு இந்தியப் பொறியியல் பாடநூல்களில் இன்றைக்கும் 'சிலோன் காட் டிரேசர்' என்று இத்தீவின் பெயரே வழங்குகிறது. தேயிலை மலையில் குறுக்குக் கானுக்கு வகுத்த சரிவு 120க்கு 1. அதாவது பத்து அடி நீளத்துக்கு ஓர் அங்குலம் மாத்திரமே இறங்கவேண்டும். அதற்குமேல் இறங்கினால் நீர் வேகங்கொண்டு மண்ணை அரிக்கும். குறைந்தால் தேங்கி மண்ணுக்குள் ஊறும். ஊறிய மண் கனத்து, ஒருநாள் மலையை விட்டுக் கழன்று வரும். பத்து அடிக்கு ஓர் அங்குலம் என்ற நுட்பத்தைக் கையாலும் கண்ணாலும் காத்து வந்த தொழிலாளரின் வேலைக்குப் பக்கத்தில், 35 பேர்ச்சுக்கு ஓர் எண் என்று பெருமை பேசும் வரைபடத்தை வைத்துப் பார்க்கும்போது, யாரிடமிருந்து யார் கற்கவேண்டும் என்ற கேள்வி எனக்கு எழாமல் இருப்பதில்லை.

கடல்மட்டம் என்று முன்பு எளிதாகச் சொல்லிவிட்டேன். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கேயுள்ள இந்து சமுத்திரப் பகுதியில் பூமியின் ஈர்ப்பு குறைவாக இருப்பதால், பூமிக்கென்று கணிதம் வகுத்த சீரான கோளவடிவத்தைவிட அங்கே கடல் 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது. உலகத்திலேயே ஆகத் தாழ்ந்த இடம் அது. அதன் அயலில் இருக்கும் நம் தீவில், கொழும்புக் கடற்கரையில் ஒரு ஜி.பி.எஸ் கருவியை வைத்துத் திருத்தம் செய்யாத உயரத்தைக் கேட்டால், கடலுக்கு 90 மீட்டருக்கும் அதிகமாகக் கீழே நிற்கிறோம் என்று சொல்லும். ஆகையால் ஒரு தரவின் உயரம் நில அளவைத் திணைக்களத்தின் கடல்மட்டக் குறிகளைச் சார்ந்ததா, செயற்கைக்கோளின் கோளத்தைச் சார்ந்ததா என்று விசாரியாமல் இரண்டு தரவுகளை ஒட்டுப்போட்டால், ஒட்டின் விளிம்பில் யாரும் காணாத ஒரு செங்குத்துப் பாறை முளைத்துவிடும். 1800ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்ட ஒரு திணைக்களத்தை உடைய நாட்டில் இந்தப் பிழை நேரக்கூடாது. அவசரத்தில் தயாரிக்கும் திட்ட அறிக்கைகளில் இத்தகைய பிழைக்கு எப்போதும் இடமுண்டு.

இத்தனை சிரமமும் நகரங்களுக்குத்தானே, தோட்டத்துக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். 2015 டிசம்பர் முதலாந் தேதி சென்னையில் அடையாறு கரைபுரண்டு, சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் முடிச்சூரும் நீருக்குள் போனபிறகு, அந்நகருக்கென்று ஒரு வெள்ள எச்சரிக்கை மாதிரியை உண்டாக்க ஐ.ஐ.டி.களும் அண்ணா பல்கலைக்கழகமும் மத்திய அரசின் கடலாய்வு நிலையங்களும் ஒன்றுசேர்ந்தன. கொழும்பிலும், 2010 நவம்பரில் பாராளுமன்றமே வெள்ளத்தில் சூழப்பட்டதன் பின், கால்வாய்களுக்கும் சதுப்புகளுக்கும் பெரும்பணம் செலவிடப்பட்டது. அவை செய்யப்படவேண்டியவையே, சமவெளி நகரத்தில் அரை மீட்டர்ப் பிழை ஒரு வட்டாரத்தையே மூழ்காத இடமென்று காட்டிவிடும் ஆதலால் அங்கே நுட்பம் அவசியம். ஆனால் சமவெளியில் ஏறும் நீர் சமவெளியில் பிறந்ததன்று. களனி கங்கை மலைநாட்டில் பிறக்கிறது. பதுளை நகரைத் தொட்டு ஓடும் பதுளு ஓயா, சுற்றியுள்ள தேயிலை மலைகளின் கான்களைக் குடித்துப் பெருத்து, துன்ஹிந்தையில் 64 மீட்டர் விழுந்து மகாவலியைத் தேடிப் போகிறது. பூனாகலை மலையின் நீர் கொஸ்லந்தைக்கு அருகே தியலுமவில் 220 மீட்டர் வீழ்ந்து, கிரிந்தி ஓயாவில் கலந்து, லுணுகம்வெஹெரவில் தங்கி, திஸ்ஸமஹாராமத்து வயல்களுக்குப் பாய்கிறது. எங்கள் கோடி வீட்டுக்காரியின் அடுப்படியில் நுழைந்த நீரே அங்கே வயலிலும் கடைவீதியிலும் நுழைகிறது. மேல்மலையின் எண்களைக் குத்துமதிப்பாக வைத்துக்கொண்டு கீழ்நகரத்தின் வெள்ளத்தை அங்குலக் கணக்கில் சொல்ல முற்படுவது, அடியைக் கட்டாமல் மேல்மாடிக்குச் சுண்ணாம்பு பூசுவதற்கு ஒப்பாகும்.

இப்போது கொஸ்லந்தைக்கு அருகேயுள்ள மீரியபெத்தையைப் பற்றிப் பேசவேண்டும். பேசாமல் கொஸ்லந்தையைப் பற்றி எழுத எவருக்கும் உரிமையில்லை. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் திகதி காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் புறப்பட்டுப் போயிருந்த வேளையில், நாட்கணக்கில் மழையைக் குடித்த மலை கழன்று வந்து மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை அடியோடு மூடியது. கோயில் போயிற்று, லயம் போயிற்று, உடல்கூடக் கிடைக்காமல் போனோர் பலர். வீடு திரும்பிய பிள்ளைகளுக்கு வீடு இருந்த இடம் தெரியவில்லை. தப்பியவர்கள் பாடசாலைகளிலும் பிற்பாடு ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் நெடுங்காலம் தங்கவேண்டி வந்தது.

அந்த மலை சரியும் என்பது தெரியாத விஷயமன்று. 1986 ஜனவரியில் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் நேர்ந்த மண்சரிவுகளுக்குப் பின்னர், 1990இல் தொடங்கி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைநாட்டின் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரித்து வந்திருக்கிறது. முதலில் எடுத்துக்கொண்டதே இந்த இரண்டு மாவட்டங்களைத்தான். மீரியபெத்தையிலிருந்து ஜனங்களை அப்புறப்படுத்தவேண்டும் என்று அந்நிறுவனம் 2005இலும் மறுபடி 2011இலும் எச்சரித்திருந்தது. ஆகையால் 'வரைபடம் இருந்தும் என்ன பயன்? இன்னும் நுட்பமான வரைபடம் எதற்கு?' என்று என்னைக் கேட்கலாம். நியாயமான கேள்வி, இதை நான் பல இரவுகள் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

என் பதில் இது. ஒரு பிரதேசம் முழுவதையும் சிவப்பாகத் தீட்டி 'அபாயம்' என்று எழுதுகிற வரைபடம் ஜனங்களிடம் ஒன்றையே சொல்கிறது: எல்லாரும் போய்விடுங்கள். சொந்தமாக ஒரு பேர்ச் நிலம் இல்லாத, வேலையோடு வீடும் கட்டுண்டு கிடக்கிற தோட்டத் தொழிலாளி எங்கே போவான்? மாற்றுக் காணியைக் கையில் கொடுக்காமல் எழும்பிப் போகச் சொல்வது எச்சரிக்கை ஆகாது. அதே சமயத்தில், நில உயரத்தை ஒரு மீட்டர் நுட்பத்தில் அளந்து, கான்களையும் மதகுகளையும் அதில் சேர்த்து, எந்த லயத்தின் எந்தக் கோடிக்கு எவ்வளவு மழையில் நீர் வரும் என்று காட்டக்கூடிய வரைபடமோ, எந்தக் குடும்பத்தை முதலில் மாற்றவேண்டும், எந்தக் கானை நாளைக்கே வெட்டவேண்டும், புதிய காணியை எந்தச் சரிவில் ஒதுக்கக்கூடாது என்று பெயர் சொல்லிச் சொல்லும். பெயர் சொல்லி எழுதிய கடிதத்தைக் கச்சேரியில் ஒதுக்கி வைப்பது கடினம். காணி கொடுக்கவேண்டிய கடமையிலிருந்து தோட்டக் கம்பனிகளையும் அரசாங்கத்தையும் எந்த வரைபடமும் விடுவிக்காது. ஆனால் தெரியாது என்று சொல்லும் வாய்ப்பை அது அவர்களிடமிருந்து பறித்துவிடும்.

ஆகவே நில அளவைத் திணைக்களத்தையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தையும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தையும் நான் வேண்டிக்கொள்வது இது. லைடார் விமானம் ஊவாவின் தோட்டங்களுக்கு மேலும் பறக்கட்டும். நகர எல்லையோடு திரும்ப வேண்டாம். தரவு வந்ததும் அதைக் கொழும்பில் மாத்திரம் துப்புரவு செய்யாமல், ஒவ்வொரு டிவிஷனிலும் கான் வெட்டிப் பழகிய ஓர் ஆணையும், நீர் எடுக்கும் பீலியிலிருந்து மழைநாளில் ஊற்றுக் கண் எங்கே புதிதாகத் திறக்கிறது என்பது வரை அறிந்த ஒரு பெண்ணையும், நாட்சம்பளம் கொடுத்து, அளவையாளரோடு நடக்க விடுங்கள். மதகு ஒவ்வொன்றின் வாயையும் அளந்து, அது திறந்திருக்கிறதா அடைபட்டிருக்கிறதா என்பதை ஐப்பசிக்கு முன்னர் ஆண்டுதோறும் எழுதுங்கள். எழுதியதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, லயத்தின் பெயர் லயத்தாருக்குத் தெரிந்த பெயராகவே இருக்கும்படி, பிள்ளை மடுவத்தின் சுவரிலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் ஒட்டுங்கள். அந்த நாற்பது வருஷத்துக் கான்வெட்டுத் தொழிலாளி போன்றவர்கள் இன்னும் சிலரே உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார்கள்.

ஒவ்வொரு சரிவுக்குப் பின்னும் திரும்ப அளக்கவும் வேண்டும். பூமி நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் விண்ணோடம் அளந்த அந்தத் தரவு இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. இன்றும் மாணவர்களும் நிறுவனங்களும் அதை இறக்கிப் பயன்படுத்துகிறார்கள். அதில் மீரியபெத்தை மலை சரியாமல் அப்படியே நிற்கிறது.